ஆங்கரில் அதே நாலு

இந்த சீட்டுல ஆள் இருக்கா அண்ணாச்சி? இல்லையா? அப்பம் செத்த உக்காந்துக்கிடுதேன். எம் பொஞ்சாதி அந்தா, டிரைவருக்குப் பின்னால இருக்கா பாருங்க, நீலச் சட்டை, அவதான். பஸ்ஸுல ஏறுனா அவளுக்கு வாந்தி வரும். ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தாத்தான் ஒத்துக்கிடும். பக்கத்து சீட்டுல பையெல்லாம் அடுக்கி வச்சிருக்கா, எனக்கு அங்ஙன எடம் கெடையாது. நீங்க போன்ல மவன்கிட்டப் பேசுனது காதுல விழுந்துச்சு. தமிழ்க் குரல் கேட்டா கால் தன்னால அந்தப் பக்கம் திரும்பிருது.

மதுரைப் பக்கமா? பேச்சே சொல்லுதே. எனக்குத் தூத்துக்குடி. பேரு மிக்கேல் மச்சாது. உங்களுக்கும் மெட்ராஸ் ப்ளேன்தானா? அப்பம் சரி, அது வரைக்கும் பேச்சுத்துணை ஆச்சு. உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்குங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன். நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்னு ஜெசிந்தா சொல்லுவா. அவ பேசவே மாட்டா, அதனால அவளுக்கு அப்படித் தெரியுது.

நீங்க ஊர் சுத்திப் பாக்க வந்தவிய, திரும்பிப் போறிய. நாங்க ஒரேயடியாப் போறோம். இந்த வெள்ளக்காரன் நாட்டுல இருவத்தஞ்சு வருசம் இருந்தாச்சு. வீட்டக் காலி பண்ணியாச்சு. எதுக்குப் போறோம்னு கேக்கியளா? அத எங்ஙன இருந்து சொல்ல. ஒரு பியர்ல இருந்து ஆரம்பிக்கணும். சிரிக்காதிய, நெசமாத்தான்.

உங்க மவன் உங்கள பப்புக்குக் கூட்டிட்டுப் போனானா? இல்லையா. அப்பம் உங்களுக்கு நான் வெளக்கமாச் சொல்லணும். நம்ம ஊர்ல பியர்னா பாட்டில், ஜில்லுன்னு இருக்கும், தெறந்தா நுரை பொங்கும். இந்த ஊர்ல பழைய ஆளுக அதத் தொட மாட்டானுவ. அவனுவளுக்கு ரியல் ஏல்னு ஒண்ணு. பீப்பாய் கீழ நெலவறைல கெடக்கும். மேல கடைல மரக் கைப்பிடி போட்ட ஒரு பம்பு. அதப் புடிச்சு இழுத்தா அடிபம்புல தண்ணி வார மாதிரி ஏறி வரும். ஜில்லுன்னு இருக்காது, நுரையும் கம்மி. பீப்பாய்க்குள்ள அது உசுரோட இருக்கும்பானுவ. எனக்கு மொதல்ல குடிச்சப்ப, ராத்திரி மூடாம வச்ச கஷாயம் மாதிரி இருந்துச்சு. அப்புறம் பழகிப் போச்சு. எதுதான் பழகாது.

அந்த ஏல்ல இந்த நாடு முழுக்க ஆயிரம் வகை இருக்காம். புஸ்தகமே போட்டு வித்துருக்கானுவ. ஆனா எங்க ஊர்ல எந்த பப்புக்குப் போனாலும் நாலே நாலு. அது ஏன்னா, கடை எல்லாம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். கம்பெனி என்ன அனுப்புதோ அதத்தான் கடைக்காரன் விக்கணும். பாம்பு புத்து மாதிரி தெருவுக்கு ஒரு பப்பு, உள்ள போனா அதே நாலு பாம்பு. நான் அதுகளுக்குத் தமிழ்ல பேர் வச்சிருந்தேன். ஒண்ணு செவப்பா இருக்கும், அது செவல. ஒண்ணு கருப்பு, அது கருப்பன். வெளுத்தது ஒண்ணு, அது வெள்ளச்சி. நாலாவது கசக்கும், அது கஞ்சப்பய, ஏன்னா அதத்தான் வெல கம்மியா வப்பான். செவல, கருப்பன், வெள்ளச்சி, கஞ்சப்பய. ஆடு மாடு மேய்ச்ச மாதிரி இந்த நாலையும் மேய்ச்சேன் அண்ணாச்சி, இருவது வருசத்துக்கு மேல. பழகப் பழகப் பாலும் புளிக்கும்பாக. இது பாலும் கெடையாது.

நான் அந்த ஊர்ல டவுன் பஸ் ஓட்டுனேன். ஜெசிந்தா ஆஸ்பத்திரில நர்சு. அவ வேலைக்குத்தான் வந்தோம், நான் அவ வாலப் புடிச்சுக்கிட்டு வந்தவன். பிள்ளை குட்டி இல்ல. பகல் பூரா ஊர்ச்சனம் என் பஸ்ல ஏறி எறங்கும். எறங்குத ஒவ்வொருத்தனும் 'தேங்க்யூ டிரைவர்'னு சொல்லிட்டுத்தான் எறங்குவான், அதுல கொறை சொல்ல முடியாது. சாயங்காலம் ஆங்கர்னு எங்க தெருமொனைல இருக்க பப்புக்குப் போவேன். அதே ஆளுக அங்க நிப்பானுவ. என்னத் தெரியாது. யூனிபார்ம் இல்லல்லா, மொகம் அடையாளம் தெரியல. யாரும் வெரட்டல, யாரும் வான்னு கூப்பிடவும் இல்ல. ஒரு வருசம் செவுத்தப் பாத்துக் குடிச்சேன்.

மூலைல ஒரு மேசை. அதுல ரெண்டு பேரு. நார்மன்னு ஒருத்தன், தபால்காரனா இருந்து ரிட்டயர் ஆனவன். கிளைவ்னு ஒருத்தன், கூரைக்கு ஓடு மாத்துத வேலை. ஒருநாள் நல்ல மழை, கடைல வேற எடம் இல்ல, அவனுவ மேசைல போய் உக்காந்தேன். நார்மன் கேட்டான், பியர் எப்படி இருக்குன்னு. நான் மரியாதைக்கு 'ரொம்ப நல்லாருக்கு'ன்னு சொன்னேன். ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டானுவ.  நான் என்னமோ கெட்ட வார்த்தை சொல்லிட்ட மாதிரி கிளைவ் சன்னலப் பாக்கான்.

மறுவாரமும் அதே மேசை. நார்மன் அதே கேள்வி. அன்னைக்கு எனக்கு டெப்போல சண்டை, எரிச்சல்ல இருந்தேன். 'என்னத்த நல்லாருக்கு? எப்பப் பாத்தாலும் இதே நாலு. எங்க ஊர்ல மாட்டுக்கு வைக்க கழனித்தண்ணி இத விட ருசியா இருக்கும்'னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல சொல்லிப்புட்டேன். நார்மன் கிளாசக் கீழ வச்சான். என்ன மேலயும் கீழயும் பாத்தான். அப்புறம் சிரிச்சான் பாருங்க, கண்ணுல தண்ணி வர. எந்திரிச்சுப் போயி எனக்கு ஒரு பைன்ட் வாங்கிட்டு வந்து வச்சான். எது? அதே செவலதான்.

அன்னைக்குத்தான் அண்ணாச்சி நான் அந்த ஊர்க்காரன் ஆனேன். பாஸ்போர்ட் அதுக்கப்புறம் ஏழு வருசம் கழிச்சு வந்துச்சு, அது சும்மா.

அதுல இருந்து எங்களுக்கு அது ஒரு பூசை. சர்ச்சுப் பூசைல சாமியாரு ஒண்ணு சொல்ல சனம் பதில் சொல்லும்லா, அதே மாதிரி. நார்மன் ஒரு மடக்கு குடிச்சிட்டு 'முன்ன மாதிரி இல்ல'ம்பான். கிளைவ் 'முன்னயும் ஒண்ணும் கிழிக்கல'ம்பான். நான் 'அலுத்துப் போச்சுப்பா, இந்தச் சவத்த எத்தன நாளைக்குக் குடிக்க'ம்பேன். அப்புறம் மழை. அப்புறம் என் பஸ் கம்பெனி. அப்புறம் கிளைவுக்கு முழங்கால் வலி. ஒருத்தன் கொறை சொல்ல மத்தவன் அதுக்கு மேல ஒண்ணு வைப்பான். கிளைவ் பொண்டாட்டி செத்த வாரம் அவன் வந்து உக்காந்தான். நாங்க என்ன சொல்ல? நார்மன் ஒரு மடக்கு குடிச்சிட்டு 'இன்னைக்கு ரொம்ப மோசம்'னான். கிளைவ் 'ஆமா, ரொம்ப மோசம்'னான். அம்புட்டுத்தான். மூணு பேரும் கண்ணத் தொடச்சுக்கிட்டோம். பியரப் பத்தித்தான் பேசுனோம்னு கடைல நின்னவன் நெனைச்சிருப்பான்.

இது ஜெசிந்தாவுக்குத் தெரியாது. பப்புக்குள்ள அவ கால் வச்சதே இல்ல. நான் ஏழரை எட்டு மணிக்கு வீட்டுக்கு வருவேன், அவ சோறு எடுத்து வைப்பா. நான் பப்புல விட்ட எடத்துல இருந்து தொடருவேன். வாய் அதுக்குள்ள பழகிருதுல்லா. 'இன்னைக்கும் அதே நாலு ஜெசிந்தா. என்ன ஊரு இது. வெயிலும் இல்ல, மீனும் இல்ல, மனுசன் குடிக்க ஒரு உருப்படியான தண்ணி இல்ல. செத்துரலாம் போல இருக்கு'ம்பேன். சொல்லிக்கிட்டே நாலு தோசை உள்ள போகும். அவ சட்னிய ஊத்துவா. சில நாள் மட்டும் கரண்டியப் புடிச்சபடி என்னையே பாப்பா. 'அம்புட்டு அலுப்பாவா இருக்கு?'ன்னு கேப்பா. 'பின்ன?'ம்பேன். அவளுக்கு எதுலயும் கொறை கெடையாது. கொடுத்து வச்சவ. ஆஸ்பத்திரில நாள் பூரா நின்னு வந்தும் ஒரு வார்த்தை மொனகுனது இல்ல.

இப்படி ஓடிக்கிட்டு இருந்துச்சு. போன வருசம் ஆங்கருக்குப் புது மேனேஜர் வந்துச்சு. ஹேலின்னு ஒரு பிள்ள, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். தங்கமான பிள்ள, அத நான் எங்கயும் சொல்லுவேன். வந்த அன்னைக்கே எங்க மேசைக்கு வந்து கை குடுத்துச்சு, பேர் கேட்டுச்சு. நாங்க எங்க பாட்டுக்கு எங்க பூசைய நடத்துனோம். அந்தப் பிள்ள துணிய வச்சு மேசையத் தொடச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்துச்சு. 'வருசக்கணக்கா இதையேவா குடிக்கிய?'ன்னு கேட்டுச்சு. 'ஆமா, எங்களுக்கு வேற கதி ஏது'ன்னான் நார்மன். நான் சும்மா இருக்காம, 'நீயாச்சும் கம்பெனிகிட்டச் சொல்லி மாத்தப்படாதா'ன்னேன். வேலில போன ஓணான எடுத்து வேட்டில விட்டுக்கிட்டேன்.

அது நெசமாவே போயிக் கம்பெனிக்காரன்கிட்ட மல்லுக்கட்டிருக்கு. எப்படிச் சம்மதிக்க வச்சுதோ. ஒரு மாசம் கழிச்சு ஒரு வெள்ளிக்கெழம போறோம், நாலு பம்புலயும் புதுப் பேரு. செவலையக் காணும். கருப்பனக் காணும். ஹேலி மொகத்துல அம்புட்டுச் சிரிப்பு. பத்தாம் வகுப்பு பாஸான பிள்ள மார்க்கு காட்டுத மாதிரி நிக்கி. 'உங்க மூணு பேருக்காகத்தான்'னு சொல்லுது. மொதல் ரவுண்டு அதுவே வாங்கி வச்சுது. 'மிக், இது உங்களுக்குன்னே பாத்து எடுத்தேன், மாம்பழம்'னு ஒண்ண நீட்டுச்சு. அங்க என்ன எல்லாரும் மிக்னுதான் கூப்பிடுவாக.

மாம்பழ பியர் அண்ணாச்சி. நான் மாம்பழம் வெளையுத நாட்டுக்காரன்னு யோசிச்சு எடுத்திருக்கு. இருமல் மருந்த மோந்து பாத்திருக்கியளா, அந்த வாடை. கிளைவுக்கு ஒண்ணு, காப்பித்தூள் போட்டதாம். நார்மனுக்குக் குடுத்தது பழைய சோத்துத் தண்ணி மாதிரி கலங்கலா, புளிப்பா இருந்துச்சு. மூணு பேரும் குடிச்சோம். அந்தப் பிள்ள எங்க மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்கி. நார்மன் சொன்னான், 'ரொம்ப அருமைம்மா'. கிளைவும் 'அருமை'ன்னான். நானும் சொன்னேன். வேற என்ன சொல்ல? நமக்காகப் போயிச் சண்டை போட்டு வாங்கிட்டு வந்த பிள்ளைகிட்ட நல்லால்லன்னு சொல்ல வாய் வருமா?

அதோட முடிஞ்சுது. அந்தப் பிள்ள போன பொறவு மூணு பேரும் கிளாசப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். முன்ன மாதிரி இல்லன்னு சொல்ல முடியாது, சொன்னா அது காதுல விழும். அலுத்துப் போச்சுன்னு சொல்ல முடியாது, புதுசுல்லா. என்ன பேசன்னே தெரியல. இருவது வருசமா நாங்க வேற எதுவுமே பேசிக்கலன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. மறுவாரம் நார்மன் வரல, சளின்னான். அதுக்கடுத்து கிளைவ் வரல, டின் பியர் வாங்கி வீட்டுலயே குடிச்சுக்கிடுதேன்னான். நான் மட்டும் ரெண்டு மூணு தடவ போனேன். கடை நெறைய சின்னஞ்சிறுசுக, கிளாசப் போட்டோ புடிச்சுக்கிட்டு நிக்கிதுக. ஹேலி ஓடி வந்து, 'உங்க ஐடியாதான் மிக், பாருங்க கூட்டத்த'ன்னுது. அருமைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஒரு கொறை சொன்னா அதத் தீத்து வைக்கணும்னு யாரு சொன்னா அண்ணாச்சி? நான் கேட்டேனா? சரி, கேட்டேன். கேட்டாலும் அது கேட்ட மாதிரி ஆயிருமா? புருசன் பொண்டாட்டி சண்டைல 'நீ செத்தாத்தான் எனக்கு நிம்மதி'ங்கா, அதுக்காக அவன் போயிச் சாவானா. எதை எப்படி எடுத்துக்கிடணும்னு மனுசருக்குத் தெரிய வேண்டாமா. எனக்கு அப்படியே சடவாயிப் போச்சு. எந்திரிக்கவே தோணல.

அப்புறம் என்ன செய்வேன், சாயங்காலம் வீட்டுலயே இருந்தேன். வேலைல இருந்தும் ஓய்வு வாங்கியாச்சு. டிவி பாப்பேன். ஜெசிந்தா வேலைல இருந்து வருவா, சோறு வைப்பா, சாப்பிடுவேன். பேச ஒண்ணும் இல்ல. கொறை சொல்லணும்னா ஒரு பொருள் வேணும்லா, பப்புக்குப் போகாதவன் எதக் கொறை சொல்ல. சோறு நல்லாருக்கான்னு கேட்டா நல்லாருக்கும்பேன். அவளுக்கு அதுவே நிம்மதியா இருக்கும்னு நெனைச்சேன். எத்தன வருசம் என் பொலம்பலக் கேட்டவ.

ஒருநாள் ஆஸ்பத்திரிக் கதை ஒண்ணு சொன்னா. அவ பாக்கது வயசான ஆளுக வார்டு. 'மொனகுத பேசண்டப் பத்திப் பயப்பட வேண்டாங்க, அவுக பொழச்சுக்கிடுவாக. சத்தம் போட்டுக்கிட்டு இருந்தவுக திடீர்னு அமைதியாயிட்டாத்தான் ஓடணும்'னா. நான் அது யாரோ கெழவனப் பத்தின்னு நெனைச்சு 'ம்'னேன்.

ஒரு மாசத்துல, ஒரு ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்து, கோட்டக் கூடக் கழட்டாம எனக்கு எதுத்தாப்புல உக்காந்தா. 'இங்க பாருங்க, நாம ஊருக்கே போயிரலாம்'னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. 'என்ன திடீர்னு'ன்னேன். 'போதுங்க, இங்க இருந்தது. நான் வேலைல சொல்லிட்டேன். ரெண்டு வருசம் முன்னாலயே ரிட்டயர் ஆயிக்கிடலாம்னுட்டாக'ன்னா. சொல்லிட்டேன்னா சொல்லிட்டா அண்ணாச்சி. என்கிட்டக் கேக்கல. கொரலு லேசா நடுங்குச்சு. நான் பாத்தேன். ஓகோ, இவ்வளவு நாளும் வாயத் தெறக்காம மனசுக்குள்ள ஊரு ஆசைய வச்சுக்கிட்டு இருந்திருக்கா, அது இப்பம் பொங்கி வருதுன்னு தோணுச்சு. இருவத்தஞ்சு வருசத்துல அவ என்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. ஒரு சேலை கேட்டதில்ல. மொத மொதலா ஒண்ணு கேக்கா. நான் முடியாதுங்கலாமா? 'சரி, உன் இஷ்டம்'னேன். அவ தலைய ஆட்டுனா. ரொம்ப நேரம் ஷூ லேசவே அவுத்துக்கிட்டு இருந்தா.

எனக்குப் போக இஷ்டமான்னு கேக்கியளா? தூத்துக்குடில எனக்கு யாரு இருக்கா? கூடப் பொறந்தவுக செத்தாச்சு. தெருவுல போனா யாரு வீட்டுப் பிள்ளன்னு கேக்க ஆள் இல்ல. நான் அந்த மூலை மேசைலதான் அண்ணாச்சி மனுசனா இருந்தேன். அந்த மேசை போச்சு, சரி. ஆனா நார்மன் வீடு ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கு. சும்மா அந்த ஊர்லயே இருந்தாலாவது ஒருநாள் திரும்பக் கூடிக்கிடலாம்னு ஒரு நெனைப்பு இருந்துச்சு. அத எல்லாம் இவகிட்டச் சொல்லி அவ ஆசைல மண்ணள்ளிப் போடவா.

அதுல இருந்து அவ ஒவ்வொண்ணா ஒழுங்கு பண்ண ஆரம்பிச்சா. எல்லாம் அவளே. எனக்கு ஒரு சோலியும் வைக்கல. வார்டுல கடைசி நாள் கேக்கு வெட்டியிருக்காக. வந்து ரெண்டு நாளு படுக்கைய விட்டு எந்திரிக்கல. வேலை செஞ்ச அலுப்பு அப்பத்தான் எறங்குச்சு போல. அப்புறம் இந்த நீச்சல் ஒண்ணு. அதச் சொல்ல மறந்துட்டேன். கடக்கரைல பொறந்தவ, கடல்ல கால நனைச்சதோட சரி. நம்ம பொம்பளைக எங்க நீந்த. இங்க வந்து அம்பது வயசுல முனிசிபல் குளத்துல நீச்சல் படிச்சா. செவ்வாக்கெழம தவறாமப் போவா, அவ வயசுல நாலு வெள்ளக்காரிக சேந்துக்கிட்டு. அன்னைக்கு மட்டும் வீட்டுக்குள்ள பாட்டுக் கேக்கும். போன செவ்வாக்கெழமதான் கடைசி. தல ஈரத்தோட வந்தா, கண்ணு ரெண்டும் கோவப்பழம். குளோரின் போட்டுத் தொலைக்கானுவ அம்புட்டு. நான்தான் தேத்துனேன். 'கவலப்படாத, தூத்துக்குடில கடலே கெடக்கு, இந்தத் தொட்டிக்குப் போயி என்ன'ன்னேன். 'ஆமா'ன்னா. நீச்சல் உடுப்பத் தொவச்சுக் காயப்போட்டு மடிச்சா. பெட்டில வைப்பான்னு பாத்தேன். அந்த வெள்ளக்காரில ஒருத்திகிட்டக் குடுத்துட்டா.

நேத்து நார்மன் வீட்டுக்குப் போனேன், சொல்லிட்டு வரணும்லா. வாசல்ல நின்னுக்கிட்டே பேசுனோம். 'குடுத்து வச்சவன்டா நீ, வெயில்ல போய்க் கெடக்கப் போற'ன்னான். 'வெயிலு என்ன வெயிலு, தோல உரிச்சிரும்'னேன். அவன் சிரிச்சான்.  'உன்ன மாதிரி இங்க எவனுக்கும் ஒழுங்காப் பொலம்பத் தெரியாது மிக்'னான். அவன் கண்ணு கலங்கிருச்சு. எனக்குந்தான். ஆம்பளைக ரெண்டு பேரும் தெருவுல நின்னு அழவா முடியும், 'மழை வரும் போல'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். மழையெல்லாம் வரல.

நீங்க அப்படிப் பாக்காதிய அண்ணாச்சி. ஒரு வார்த்தை அவகிட்டச் சொல்லியிருக்கலாமேன்னுதானே கேக்கிய? உங்க மொகத்துலயே தெரியுது. சொல்லி? சொன்னா அவ நின்னுருவா. அவ அப்படிப்பட்டவ, எனக்காக நின்னுருவா. நின்னுட்டு மிச்சக் காலம் பூரா மனசுக்குள்ள ஊர நெனைச்சுக்கிட்டு, வெளிய சொல்லாம, எனக்குச் சோறு போட்டுக்கிட்டு இருப்பா. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். நான் வாழ்நாள் பூரா எனக்கு அது சரியில்ல இது சரியில்லன்னு சொல்லியே காலத்த ஓட்டிட்டேன். அவ ஆசைப்பட்டது ஒண்ணே ஒண்ணு. அதுலயும் நான் மூக்க நுழைக்கணுமா.

இன்னைக்குக் காலம்பற கேளுங்க. வீடு காலியாக் கெடக்கு, பேசுனா எதிரொலிக்கி. பெட்டியெல்லாம் வாசல்ல. அவ ஒரு பெட்டி மேல உக்காந்திருக்கா. நான் சன்னல்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் போக டாக்சி வருதான்னு பாத்துக்கிட்டு நிக்கேன். திடீர்னு, 'என்னங்க'ன்னா. திரும்புனேன். 'இப்பமும் ஒண்ணும் கெட்டுப் போகல. சாவி பக்கத்து வீட்டுலதான் இருக்கு, இன்னும் ஓனர் கைக்குப் போகல. ஆஸ்பத்திரிலயும் எப்ப வேணும்னாலும் வான்னுதான் சொல்லியிருக்காக. உங்களுக்கு மனசுல கொஞ்சமாச்சும் வேண்டாம்னு இருந்தா சொல்லுங்க. எனக்காகப் பாக்காதிய. கொறை எதாச்சும் இருந்தாச் சொல்லுங்க'ன்னு கேட்டா. என் வாயவே பாத்துக்கிட்டு இருக்கா. என்னைப் பரிச்சை பண்ணுதா பாருங்க, கடைசி நிமிசத்துல கால வாருவானோன்னு. போக வேண்டாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு அண்ணாச்சி. முழுங்கிக்கிட்டேன். நல்லாச் சிரிச்ச மொகமா, 'என்ன ஜெசிந்தா இப்படிக் கேக்க, எப்படா போவோம்னு இருக்கேன். எனக்கு ஒரு கொறையும் இல்ல'ன்னு சொன்னேன்.

கல்யாணம் ஆனதுல இருந்து நான் அவகிட்டக் கொறையில்லன்னு சொன்னது அதுதான் மொத தடவ. இம்புட்டு ஆசையாப் போறவளுக்கு அது இனிச்சிருக்கணும்லா? மொகத்துல ஒண்ணையும் காணும். சரிங்கன்னா. எந்திரிச்சு நேரா குளியலறைக்குள்ள போயித் தாப்பாளப் போட்டுக்கிட்டா. கொழாயில தண்ணி ஓடுத சத்தம் மட்டும் கேக்குது, ஓடிக்கிட்டே இருக்கு. டாக்சிக்காரன் ஹாரன் அடிக்கான். நான் கதவத் தட்டிக்கிட்டு நிக்கேன், ஜெசிந்தா, ஜெசிந்தான்னு. 'இந்தா வாரேன்'ங்கா. கொரலு வருது, ஆளு வரல.